மொய் நோட்டும் பெர்சனல் லோனும்

அக்காள் கல்யாணத்துக்கு எக்செல் போட்டுக் கொடுத்தது நான்தான். 'நீதான் எஞ்சினியராச்சே, கணக்க நீயே பாத்துக்கோ' என்று அப்பா சொல்லிவிட்டார். 2023ஆம் ஆண்டு, கிள்ளான். காலையில் கோயிலில் தாலி, இரவில் மண்டபத்தில் விருந்து. அதற்கு ஐந்து மாதம் முன்னால் பரிசம். எல்லாம் முடிந்து கடைசி பில்லையும் கட்டிய பிறகு அந்தக் கோப்பை யாருமே திறக்கவில்லை. போன மாதம் எனக்குப் பெண் பேசி முடித்து, பரிசத்துக்குத் தேதி பார்க்க ஆரம்பித்தபோது நான் மறுபடியும் திறந்தேன். அதில் இருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அக்காளிடம் கேட்டுவிட்டேன். 'எழுது. எங்க பேரப் போடாத, அவ்வளவுதான்' என்றாள்.

கல்யாண ஆடம்பரத்தைக் கண்டித்து நம்மிடையே பேசாதவர்கள் கிடையாது. கோயில் திருவிழா மேடையில் பேசுகிறார்கள். பொருளாதாரக் கருத்தரங்கில் பேசுகிறார்கள். 'சீனன் சேக்குறான், நம்மாளு செலவழிக்கிறான்' என்று சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். பேசிய தலைவரின் வீட்டுக் கல்யாணத்துக்கு அடுத்த மாதம் நாமே போய்ப் பெரிய திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். இந்தக் கண்டனங்கள் எதையும் மாற்றவில்லை. அவை ஏன் தோற்றன என்று யோசித்தால் எனக்கு ஒரு காரணம்தான் தெரிகிறது. அவற்றில் கணக்கு கிடையாது, திட்டு மட்டும்தான் உண்டு. எந்தச் செலவு வீண், எது வீண் இல்லை என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. மொத்தமாக 'நம் ஜனங்களுக்குப் புத்தி இல்லை' என்று முடித்துவிடுகிறார்கள். புத்தி இல்லை என்று சொன்னவன் பேச்சை யார் கேட்பார்கள்?

ஆகவே முதலில் கணக்கு. இரண்டு வீட்டுச் செலவும் சேர்ந்தது.

இரவு விருந்து, மண்டப வாடகையோடு சேர்த்துத் தலைக்கு 32 வெள்ளி. 600 பேருக்கு 19,200. காலையில் கோயிலில் 300 பேருக்குச் சாப்பாடு, தலைக்கு 15 வெள்ளி என்று 4,500. மணவறைக்கும் இரவு மேடைக்கும் சேர்த்து டெக்கோ 13,000. போட்டோ, வீடியோ, டிரோன், கல்யாணத்துக்கு முந்திய ஷூட்டிங் எல்லாம் 8,500. மேக்கப், பட்டு, மாற்றுடை 6,800. டிஜே, எம்சி, பெரிய திரை 5,200. வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்பிய டோர் கிஃப்ட் 2,400. கார்டு 1,200. ஐயருக்கும் நாதஸ்வரத்துக்கும் சேர்த்து 1,900. ஆகமொத்தம் 62,700 வெள்ளி. பரிசத்துக்கு ஆன 11,300 தனி. தாலி, சங்கிலிக்கு ஆன 9,000 தனி. அதை நான் செலவில் சேர்க்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புள்ளிவிவரத் துறையின் சம்பள ஆய்வுப்படி, 2023ஆம் ஆண்டில் இந்த நாட்டின் இடைநிலை மாதச் சம்பளம் 2,602 ரிங்கிட். அதாவது வேலை செய்பவர்களில் பாதிப் பேர் அதற்கும் கீழே வாங்குகிறார்கள். பரிசத்தையும் சேர்த்தால் எங்கள் வீட்டுக் கணக்கு 74,000. அப்படிப்பட்ட ஒருவரின் 28 மாதச் சம்பளம், சோறு தண்ணீர் இல்லாமல். அக்காளும் மச்சானும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதிப்பவர்கள்தான். ஆனாலும் கையில் அவ்வளவு கிடையாது. 50,000 வெள்ளிக்கு பெர்சனல் லோன் போட்டார்கள்.

இந்த லோனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏனென்றால் கையெழுத்துப் போடும் பலருக்கு இது தெரியவில்லை. 6 விழுக்காடு என்று சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஃபிளாட் ரேட். வீட்டுக் கடனில் நீங்கள் கட்டக் கட்ட மீதிக் கடனுக்குத்தான் வட்டி. ஃபிளாட் ரேட்டில் அப்படி இல்லை. கடைசி மாதம் மீதி எண்ணூறு வெள்ளிதான் பாக்கி என்றாலும், அன்றைக்கும் ஆரம்பத்தில் வாங்கிய 50,000க்குத்தான் வட்டி. ஏழு வருடத்துக்கு வட்டி மட்டும் 21,000. திருப்பிக் கட்டுவது 71,000. மாதம் 845 வெள்ளி வீதம் 84 மாதம். உண்மையான வட்டி விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் பத்தரை விழுக்காட்டுக்கு வருகிறது. முன்பு இன்னும் நீண்ட காலத்துக்கெல்லாம் இந்தக் கடனைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பேங்க் நெகாரா 2013ஆம் ஆண்டில்தான் பெர்சனல் லோனுக்குப் பத்து வருடம் உச்சவரம்பு என்று கட்டியது. இல்லையென்றால் அக்காள் கல்யாணக் கடனை அவள் பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போகும்வரை கட்டிக்கொண்டிருப்பாள். இப்போதைய கணக்குப்படி 2030இல் முடியும்.

கல்யாணம் முடிந்த மறு வருடம் இரண்டு பேரும் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு அப்ளை பண்ணினார்கள். கார் லோன், இரண்டு பேரின் பிடிபிடிஎன், அதோடு இந்த 845. மாதக் கடன் சுமை கூடுதல் என்று வங்கி மறுத்துவிட்டது. வங்கியைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கணக்கை நான் போட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். இன்றைக்கு ஷா ஆலாமில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். குழந்தை பற்றி அம்மா ஒரு முறை கேட்டார். 'லோன் கொஞ்சம் குறையட்டும்மா' என்றாள் அக்காள். அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை.

இதுவரை சொன்னது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கோப்பைத் திறந்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று வேறொரு பக்கத்தில் இருந்தது. மொய்க் கணக்கு.

இரண்டு வீட்டுக்கும் சேர்ந்து வந்த மொய் 24,870 வெள்ளி. சாப்பாட்டுக்கு ஆனது, காலையும் இரவும் சேர்த்து, 23,700. அதாவது வந்தவர்கள் தாங்கள் சாப்பிட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அறுநூறு பேரைக் கூப்பிட்டதால் அக்காள் கடனாளி ஆகவில்லை. அறுநூறு பேருக்குச் சோறு போட்டதாலும் ஆகவில்லை. டெக்கோ, படம், மேக்கப், டிஜே இந்த நான்கு வரிசையையும் கூட்டிப் பார்த்தேன். 33,500. கல்யாணச் செலவில் பாதிக்கு மேல். கடன் வந்த வழி இதுதான்.

'ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டுக் காசைக் கரைக்கிறான்' என்றுதான் நம்முடைய கண்டனங்கள் எல்லாம் சொல்கின்றன. எங்கள் வீட்டுக் கணக்கைப் பொறுத்தவரை அது தலைகீழ். ஊர் வந்து சாப்பிட்ட பகுதிதான் தன் செலவைத் தானே கட்டிக்கொண்ட ஒரே பகுதி.

மொய் என்பதே அதற்காக ஏற்பட்டதுதான். புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம், பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து என்றே தனியாக வைக்கிறார்கள். கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலேயே பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வட்டியில்லாமல் பணம் திரட்டி, அதில் கிணறு வெட்டுகிறார்கள், கடை வைக்கிறார்கள். பின்னால் அவரவர் விருந்து வைக்கும்போது கூட்டித் திருப்பிச் செய்யவேண்டும். எழுதப்பட்ட கடன்தான், ஆனால் சம்பள சிலிப் கேட்காத கடன். நம் தோட்டங்களிலும் இதே ஏற்பாடு இரண்டு வடிவத்தில் இருந்தது. ஒன்று மொய். இன்னொன்று கூட்டு. மாதா மாதம் பத்துப் பேர் போட்டு ஒருவர் எடுக்கும் கூட்டு. கூட்டு பிடித்தவர்கள் ஓடிப்போன கதைகளும் உண்டு. 1971இல் அரசாங்கம் அதைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தபோது, அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம்முடைய 'கூட்டு' என்ற சொல் ஏறிவிட்டது. நல்லதோ கெட்டதோ, ஏழைகள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட வங்கி அது.

அம்மாவின் மொய் நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு, காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டம். பழைய 555 நோட்டு. மளிகைக் கடையில் பற்று எழுதுவதற்கு வைத்திருப்பார்களே, அதே சின்ன நோட்டு. 5 வெள்ளி, 10 வெள்ளி, 10 வெள்ளி, 3 வெள்ளி. நடுநடுவே 'அரிசி 1 மூட்டை', 'தேங்காய் 50', 'கோழி 4'. ஓர் இடத்தில் காசு எழுதும் இடத்தில் 'சமையலுக்கு வந்தார்' என்று மட்டும் இருக்கிறது. உழைப்பையும் மொய்யாக எழுதியிருக்கிறார்கள். பந்தல் தோட்டத்து ஆட்கள் போட்டது, தென்னங்கீற்று. பாத்திரம் கோயிலுடையது. செலவு ஆயிரத்து எண்ணூறு சொச்சம் என்று அப்பா சொல்கிறார். மொய் அதைத் தாண்டிவிட்டது. மிஞ்சியதில் பழைய ஹோண்டா கப் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அந்த மோட்டாரில்தான் அப்பா தோட்டத்தைவிட்டு வெளியே வேலை தேடிப் போனார். பிறகு லோரி ஓட்டுனராக ஆனார்.

அதாவது 1989இல் ஒரு கல்யாணம் முடிந்தபோது புதுத் தம்பதியிடம் ஒரு மோட்டார் இருந்தது. 2023இல் முடிந்தபோது 84 மாதக் கடன் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் அம்மா அப்பா எங்களைப் படிக்க வைத்தார்கள், வீடு வாங்கினார்கள், வருமானம் பல மடங்கு கூடியது. வசதி கூடக்கூட ஆரம்பம் மட்டும் பின்னால் போயிருக்கிறது.

இந்தக் கேள்வியோடுதான் போன மாதம் பரிசத் தட்டு பார்க்க பிரிக்பீல்ட்ஸ் போனேன். ஜாலான் துன் சம்பந்தன். 2010இல் வளைவும் வண்ணமும் வைத்து லிட்டில் இந்தியா என்று திறந்துவைத்த அதே சாலை. புடவைக் கடை, பூக் கடை, தட்டு அலங்காரம், அழைப்பிதழ், நகை என்று கல்யாணத்துக்கு வேண்டிய அத்தனையும் அந்த ஒரே நேர்கோட்டில் வாங்கிவிடலாம். அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த மனிதர் என்ன செய்தார் என்பது அங்கே வெயிலில் நிற்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்தன. அந்த நேரத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுபவர்களிடம் மாதம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்து 100 வெள்ளிப் பங்கு. தோட்டம் தோட்டமாக அவரே போய்க் கேட்டார். அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அந்தப் பணத்தில் வாங்கினார்கள். அதுவும் ஒரு வகையில் மொய்தான். நெருக்கடியில் ஊர் கூடிப் போட்டு ஒன்றை நிற்க வைப்பது. அவர் பெயர் வைத்த சாலையில் நின்றுகொண்டு ஒரு தட்டுக்கு 85 வெள்ளியா, 120 வெள்ளியா என்று நான் விலை பேசிக்கொண்டிருந்தேன். 21 தட்டு வேண்டுமாம். 'பதினொண்ணு வச்சா ஒரு மாதிரி பேசுவாங்க லா தம்பி' என்றார் கடைக்கார அக்கா.

இந்த 'பேசுவாங்க' என்பதைத்தான் இனிமேல் பார்க்கவேண்டும்.

தோட்டத்தில் யாருக்கு என்ன சம்பளம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே கிராணி எழுதுகிற ஒரே செக்ரோல். 1989இல் என் அப்பா 5,000 வெள்ளிக்கு மேடை போட்டிருந்தால் யாரும் அசந்துபோயிருக்க மாட்டார்கள், 'இவனுக்குக் கிறுக்கா' என்றுதான் கேட்டிருப்பார்கள். தோட்டம் கலைந்து நாம் கிள்ளான், பூச்சோங், ரவாங் என்று அடுக்குமாடிகளில் சிதறிய பிறகு பக்கத்து வீட்டுக்காரனின் சம்பளம் நமக்குத் தெரியாது. நம்முடையது அவனுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் காட்டவேண்டியிருக்கிறது. வருடத்தில் ஒரே ஒரு முறை எல்லோரும் ஓர் இடத்தில் கூடுகிறார்கள். அன்றைக்கு நாம் எங்கே வந்து நிற்கிறோம் என்பதைச் சம்பள சிலிப்பைத் தூக்கிக் காட்ட முடியாது. மேடையைத்தான் காட்ட முடியும்.

காட்டுகிறவன் செலவை மறைத்தும் ஆகவேண்டும். இதில் உச்சம் என்று சொன்னால், நான் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு கல்யாணம். 7.9.1995, சென்னை. அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் சுதாகரனின் திருமணம். விருந்தின் அளவுக்காக கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அடுத்த வருடத் தேர்தலில் ஜெயலலிதா தன் பர்கூர் தொகுதியிலேயே தோற்றார். அந்தக் கல்யாணமும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் வேறு இடத்தில். சொத்துக் குவிப்பு வழக்கில் அந்தக் கல்யாணச் செலவை நீதிமன்றம் கணக்குப் பார்த்தது. அரசுத் தரப்பு சொன்னது ஆறேகால் கோடிக்கு மேல். 2014இல் விசாரணை நீதிமன்றம் மூன்று கோடி என்றது. 2015இல் உயர் நீதிமன்றம் 28 லட்சம் சொச்சம் என்றது. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பையே ரத்து செய்தது. ஊரே பார்க்க நடந்த ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு ஆனது என்பதில் இத்தனை பேரும் ஒத்துப்போகவில்லை. எல்லோரும் பார்க்கவேண்டும், ஆனால் யாருக்கும் விலை தெரியக்கூடாது என்பதுதான் ஆடம்பரக் கல்யாணத்தின் விதி. கிள்ளான் மண்டபத்துக்கும் அதே விதிதான். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து 'நல்லா செஞ்சாங்க' என்கிறோம். 'எவ்வளவு ஆச்சு, எப்படிக் கட்டுனீங்க' என்று கேட்பதில்லை. கேட்டால் மரியாதை இல்லை. அந்த மௌனத்தில்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை நம்முடைய மேடையைப் பார்த்து, அது கடன் என்று தெரியாமல், தானும் அப்படி ஒன்று போட ஆசைப்படுகிறது.

சீர்திருத்தம் பேசியவர்கள் இந்த மண்ணில் இல்லாமல் இல்லை. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். ஈப்போவில் தமிழர் சீர்திருத்த மாநாடு நடந்தது. சிக்கனமான, புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களை இங்கேயும் நடத்திக்காட்டினார்கள். தமிழ்நாட்டில் 1967இல் அண்ணா ஆட்சியில் அதற்குச் சட்டமே வந்தது. அவர்கள் எதிர்த்துப் போராடியது சடங்கையும் புரோகிதரையும். இன்றைக்கு எங்கள் எக்செலில் ஐயரும் நாதஸ்வரமும் சேர்ந்து 1,900 வெள்ளி. டெக்கோவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. 'முகூர்த்தம் முடியப்போகுது' என்று ஐயர் சொன்னபோது 'ஐயரே, கொஞ்சம் கைய எடுங்க, பிரேம்ல வருது' என்று போட்டோகிராபர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். புரோகிதரின் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். சீர்திருத்தக்காரர்களின் பழைய வாதங்கள் இவரிடம் செல்லாது.

சட்டமும் நமக்குத் தடையாக இல்லை. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் நடப்புக்கு வந்த பிறகு, முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கல்யாணம் என்பது பதிவாளர் முன்னால் இரண்டு சாட்சிகளோடு போடும் கையெழுத்து. என் நண்பர்களில் பலர் வீடு அப்ளை பண்ணுவதற்காக ஒரு வருடம் முன்னாலேயே ரிஜிஸ்டர் பண்ணிவிடுகிறார்கள். ஆனால் சேர்ந்து வாழ்வதில்லை. 'இன்னும் கல்யாணம் ஆகல, ரிஜிஸ்டர்தான் ஆச்சு' என்கிறார்கள். சட்டத்துக்கு இரண்டு சாட்சி போதும், நமக்கு அறுநூறு வேண்டும். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் சாட்சியாக நிற்பது நல்ல விஷயம். நாளைக்கு இரண்டு பேருக்குள் சண்டை என்றால் வந்து பேசுவதற்கு ஆள் வேண்டும். சாட்சிக்குச் சோறு போடுவதை நான் செலவு என்றே சொல்லமாட்டேன்.

நடமாட்டக் கட்டுப்பாடு ஒரு பரிசோதனை நடத்திக் காட்டியது. 18 மார்ச் 2020க்குப் பிறகு எல்லாம் மூடியது. என் சித்தப்பா மகன் கோயிலில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு தாலி கட்டினான். மற்றவர்கள் கைப்பேசியில் பார்த்தோம். அது கல்யாணமாகத்தான் நின்றது. 2021 ஜூன் கடைசியில் வீடுகளுக்கு வெளியே வெள்ளைக் கொடி கட்டி உதவி கேட்டார்கள். மக்கள் இபிஎஃப் பணத்தை எடுத்தார்கள். நான்கு சிறப்புத் திட்டங்களிலும் சேர்த்து வெளியே போனது 145 பில்லியன் ரிங்கிட். முதுமைக்கு வைத்த பணம் அரிசிக்குப் போனது. இதையெல்லாம் கண்ணால் பார்த்த சித்தி, 2022இல் மண்டபங்கள் திறந்ததும் முதலில் சொன்னது: 'எம் புள்ள கல்யாணத்த யாருமே பாக்கலயே.' இரண்டு வருடம் கழித்து, கையில் குழந்தையோடு, 400 பேருக்கு ரிசெப்ஷன் வைத்தார்கள். அப்போதும் மாலை, மேடை, கேக் எல்லாம் இருந்தது. சித்தப்பா அந்த வருடம்தான் தன் கணக்கில் மிச்சம் இருந்ததை எடுத்து முடித்திருந்தார்.

சித்திக்குப் புத்தி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் என் அம்மா.

அக்காளின் கணக்கை அம்மாவிடம் காட்டினேன். மொய் சாப்பாட்டைக் கட்டிவிட்டது, கடன் எல்லாம் அலங்காரத்தால் வந்தது என்று வரிவரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: 'எஸ்டேட்ல கிராணி வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்க பின்பக்கமாப் போய், குசினிக்குப் பக்கத்துல உக்காந்து சாப்புட்டோம். எம் மக கல்யாணத்துக்கு அந்தக் கிராணி மகன் வந்தாரு. முன்மேசையில உக்காந்தாரு. சுத்திச் சுத்திப் பாத்தாரு. அதுக்கு எவ்வளவு குடுத்தாலும் தகும்டா.'

எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். நம் சமூகத்தின் ஆடம்பரத்துக்குப் பின்னால் இப்படி ஒரு பின்வாசல் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதும் கட்டுரை வெறும் உபதேசம். பின்பக்கமாகப் போய்ச் சாப்பிட்டவர்கள் ஒரு நாளாவது முன்வாசலில் மின்விளக்கு போட்டு நிற்க ஆசைப்படுவதில் தப்பு என்ன? ஆனால் மூன்றாம் நாள் அம்மாவிடம் ஒன்று கேட்டேன். 'கிராணி மகன் எதுக்கும்மா வந்தாரு? டெக்கோ பாக்கவா?' அம்மா கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: 'நாங்க போய் வெத்தல பாக்கு வச்சுக் கூப்டோம், அதான் வந்தாரு.' கூப்பிட்டதும் அவர் வந்ததும் உட்கார்ந்ததும் சாப்பிட்டதும்தான் அம்மாவுக்கு மரியாதையைக் கொடுத்தது. அந்த வரிசை முழுக்க மொய்யே கட்டிவிட்ட வரிசை. மீதி 33,500 வெள்ளிக்கும் அந்த மரியாதைக்கும் சம்பந்தம் இல்லை. அம்மா இதை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. 'சுத்திச் சுத்திப் பாத்தாருல்ல' என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்னொரு வாதத்தையும் தட்டிக்கழிக்க முடியாது. டெக்கோ போடும் பையன்கள் நம் பையன்கள். மேக்கப் போடும் பெண், டிஜே, லைட் பிடிக்கும் தம்பி எல்லோரும் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் நமக்குத் தெரிந்தவர்கள். வேறு இடத்தில் கதவு திறக்காதபோது இவர்கள் தாங்களாகவே தொழில் உண்டாக்கிக்கொண்டவர்கள். ஊரடங்கில் முதலில் பட்டினி கிடந்ததும் இவர்கள்தான். 'நீங்க எல்லாம் சிக்கனமா கட்டிக்கிட்டா நாங்க எங்க போறது மச்சி?' என்று டெக்கோ செய்யும் என் பள்ளித் தோழன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் அவனே அடுத்த வாக்கியத்தில் சொன்னான்: பாதிப் பேர் மீதிப் பணத்தைக் கல்யாணம் முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் கொடுக்கிறார்கள், சிலர் போனையே எடுப்பதில்லை. அடுத்தவன் கடனில் ஓடும் தொழில் அவனையும் கடனில்தான் வைத்திருக்கிறது. கட்டக்கூடியவன் சின்ன மேடை போட்டு உடனே காசு கொடுத்தால் அவனுக்கும் அது மேல்.

தாலியையும் சங்கிலியையும் ஏன் செலவில் சேர்க்கவில்லை என்று சொல்வதாகச் சொன்னேன். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது பிடிபிடிஎன் பணம் வர மூன்று மாதம் ஆனது. ஹாஸ்டலுக்கும் புத்தகத்துக்கும் அம்மா தன் சங்கிலியைக் கொண்டுபோய் அடகுக் கடையில் வைத்தார். பிறகு மீட்டுவிட்டார். மேடையை அடகு வைக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் நம் பாட்டிமார்களுக்கு எக்செல் இல்லாமலேயே கணக்கு தெரிந்திருக்கிறது. 2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸ் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோது, அக்காளின் கல்யாணத்தில் விலை ஏறிய ஒரே பொருள் அவள் கழுத்தில் இருந்ததுதான்.

இனி என் பங்கு. எழுதிவிட்டு நானே 21 தட்டு தூக்கினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை. நான் கட்டிக்கப்போகும் பெண்ணிடம் முழுக் கணக்கையும் காட்டினேன். அவள் என்னைவிடத் தெளிவு. 'எனக்கு மேக்கப் வேணும். அதுல கை வைக்காதீங்க. டிரோன் வேணாம், ஷூட்டிங் வேணாம், ஸ்கிரீன் வேணாம்' என்றாள். சரி என்றேன். பரிசத்துக்குக் கோயில் மண்டபம், வாழை மரம், பூ, பதினொரு தட்டு. கூப்பிடும் ஆட்களில் மட்டும் குறைப்பதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறோம். அம்மாவின் 555 நோட்டில் பெயர் இருக்கிறவர்களில் உயிரோடு இருப்பவர்களை எல்லாம் தேடிப்பிடித்து, நேரில் போய்ப் பாக்கு வைத்துக் கூப்பிடுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். 'சமையலுக்கு வந்தார்' என்று இருக்கிறதே, அவர் இப்போது பந்திங்கில் மகள் வீட்டில் இருக்கிறாராம்.

கடைசியாக ஒன்று. பரிசம் முடிந்த பிறகு யார் கேட்டாலும் எவ்வளவு ஆனது, எங்கிருந்து வந்தது என்று சொல்வேன். கேட்காவிட்டாலும் நண்பர்களிடம் சொல்வேன். பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை இது. ஆனால் 2022இல் யாராவது ஒருவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து 'எங்க மேடைக்கு இன்னும் அஞ்சு வருஷம் கட்டணும்' என்று உண்மையைச் சொல்லியிருந்தால், அக்காள் அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவையாவது யோசித்திருப்பாள்.

பெண் வீட்டில் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவளுடைய அப்பா ஒரே மகள் என்கிறார், ஹாலில் வைக்கலாமே என்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறோம். இந்தமுறை மடிக்கணினியோடு அம்மாவின் நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.